மயில்கழுத்து நிறத்துல ரெண்டு

என்ற பையை ரெண்டு கையையும் குடுத்துத் தூக்குனீங்க, பாத்தனுங்க. கனமா இருக்கும்னு நெனச்சீங்க. வெடுக்குனு மேல வந்துருச்சா? எல்லாரும் இப்படித்தான் ஏமாறுவாங்க. குடுங்க, மடியிலயே வெச்சுக்கறேன். கோயமுத்தூருலருந்து மடியிலதான் வந்துச்சு, இப்பத்தான் சீட்டுல வெச்சேன். நீங்க உக்காருங்க. ஓசூருங்களா? நானும் ஓசூருதான். நல்லதாப் போச்சு. சேலம் வரைக்கும் பக்கத்துல ஒருத்தரு தூங்கிக்கிட்டே வந்தாரு, என்ற தோளு போச்சு.

உள்ள என்னன்னு கேக்க மாட்டீங்களா? எட்டு கன்ராடுங்க. கார் இஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போகுதில்லீங்களா, அதையும் அடியில சுத்தற கிராங்கையும் புடிச்சிருக்கற கைதான் கன்ராடு. ஒரு வண்டிக்கு நாலு. இது ரெண்டு வண்டிக்கு. இரும்புல செஞ்சா ஒண்ணு அறுநூறு கிராம் வரும். இது முந்நூத்தி நாப்பத்தஞ்சு. டைட்டானியம். உள்ள ஆடறது எளைச்சா இஞ்சின் எளைக்கும், இஞ்சின் எளைச்சா வண்டி எளைக்கும், வண்டி எளைச்சா பெட்ரோல் கொறையும். அவ்வளவுதான் கணக்கு. என்ற வண்டி மொபெட்டு. அதுக்கு இந்தக் கவலையே இல்லை.

என்ற பேரு வெள்ளிங்கிரி. கோயமுத்தூரு கணபதியில குப்புராஜ் மொதலாளி ஒர்க்ஷாப்புல ஃபோர்மேன். முப்பத்தொரு வருசம் ஒரே எடம். இத்தனை நாளு மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட்டுப் போட்டுக்கிட்டிருந்தோம். போன சித்திரையில ஓசூருல ஒரு கார் கம்பெனிக்காரங்க வந்தாங்க. பேரு வேண்டாம் உடுங்க. வண்டி எடையைக் கொறைக்கறோம், எட்டு கன்ராடு மாதிரிக்குச் செஞ்சு குடுங்க, புடிச்சிருந்தா மூணு வருசத்துக்கு நீங்கதான்னாங்க. இன்னைக்குத் திங்கக்கெழமைங்களா? இன்னைக்குத்தான் கெடு. தவறுனா, இதே வேலையைக் கேட்டுக்கிட்டிருக்கற புனாக்காரனுக்குப் போயிரும். அதைத்தான் எடுத்துக்கிட்டுப் போறேன்.

இருங்க, போன் அடிக்குது.

அடிக்கட்டும் உடுங்க. அந்தப் புள்ளதான். கௌசிகான்னு பேரு. காலையிலருந்து இது நாலாவது தடவை. டைட்டானியம் வந்தப்ப மொதலாளி கூட்டிக்கிட்டு வந்தாருங்க. உலோகத்தைப் பத்தியே தனியா ஒரு படிப்பு இருக்குதாமே, அதைப் படிச்ச புள்ள. வயசு இருவத்தாறு. வந்த அன்னைக்கே எங்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "மெஷினை மெதுவா ஓட்டுங்ணா, சூடு ஏறக்கூடாது"ன்னுச்சு. நான் மெஷின்ல கை வெச்சப்ப அவ பொறக்கவே இல்லை. செரின்னு மெதுவா ஓட்டுனேன். மாட்டு வண்டி மாதிரி ஓட்டுனேன். அதுக்கும் "இன்னும் மெதுவா"ன்னுச்சு.

அதோட உட்டுச்சா? டைட்டானியத்தைச் சீவறப்ப உழுகற சுருளு இருக்குதில்லீங்களா, அதைக் கீழ சேர உடக்கூடாதாம். மணிக்கு ஒருக்கா வாரி, மூடி போட்ட டின்னுல பூட்டோணுமாம். பத்திக்குமாம். இரும்பு பத்துமான்னு கேட்டேன். "இது இரும்பு இல்லீங்ணா"ன்னுச்சு. பொறவு செகப்பு வாளி நாலு வாங்கி, மணலைச் சலிச்சு, வெயில்ல காய வெச்சுக் கொட்டி, வாசல்ல வெச்சுது. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு பலகையில எழுதி மாட்டுச்சு. அதுவும் பத்தாம பீரோவுல தூள் உப்பு பத்துக் கிலோ. "ஏன் அம்முணி, மாங்கா ஊறுகா போடறியா?"ன்னு தெனமும் கேப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. அதுல ஒண்ணும் கொறை சொல்லக்கூடாது, சிரிச்ச மொகந்தான்.

கதைக்கு வர்றேன். ஆயுத பூஜை வந்துச்சு. எங்க ஒர்க்ஷாப்புல ஒரு வழக்கமுங்க. அந்த வருசம் செஞ்சதுலயே நல்ல உருப்படி எதுவோ, அதை சாமி முன்னால தாம்பாளத்துல பச்சரிசி பரப்பி வெக்கோணும். வெக்கறது ஃபோர்மேன் வேலை. முப்பது வருசமா ஷாஃப்ட்டு வெச்சு சாமிக்கே சலிச்சிருக்கும். இந்த வருசம் எட்டு கன்ராடும் முடிஞ்சு நிக்குது. எட்டையும் வெச்சா எடம் பத்தாதுன்னு ரெண்டை எடுத்தேன். பளபளன்னு இருக்குதுங்க. பச்சரிசி அதுக்கு எடுபடலை. டைட்டானியம் சுருளையே பரப்புனா என்னன்னு தோணுச்சு. வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கும். நல்ல ரோசனையா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

டின்னு பூட்டி இருந்துச்சு. எங்கிட்டயும் ஒரு சாவி உண்டு, ஃபோர்மேனுங்களே. எடுத்துப் பாத்தா எண்ணெய்ப் பிசுக்கு. சாமிக்கு வெக்கறது சுத்தமா இருக்கோணுமில்லீங்களா? மண்ணெண்ணெய்ல நல்லா அலசி, மொட்டை மாடியில வெயில்ல காய வெச்சேன். அப்புறம் வாழைக்கன்னு. வாசல்ல கட்டறதுக்கு நாலு கன்னு வந்துச்சு. நிக்க மாட்டேங்குது. நாலு வாளி மணல் கண்ணு முன்னால இருக்குது, நாலு கன்னும் இருக்குது. நட்டுட்டேன். வாடக்கூடாதுன்னு தண்ணியும் ஊத்துனேன். அந்தப் பலகை என்னாச்சுன்னு கேக்கறீங்களா? அதுமேல மாவிலைத் தோரணம் தொங்குச்சுங்க. தெரியலை.

அந்தப் புள்ள அன்னைக்குக் காலையில லேட்டு. தலைக்கு ஊத்திக்கிட்டு, பட்டுப்பாவாடை தாவணி கட்டிக்கிட்டு வந்து சேர்றப்ப மொதலாளி சூடத்தட்டைக் கையில எடுத்துட்டாரு. அவ தாம்பாளத்தைப் பாத்தா. பாத்துப்போட்டு, "அண்ணா, அது என்னதுங்ணா?"ன்னா. பூஜை நடக்கறப்ப பேசக்கூடாதுன்னு கையைக் காட்டுனேன். மொதலாளி தட்டைச் சுத்தறாரு. ஒரு சூடக்கட்டி எகிறி, சுருளு மேல உழுந்துருச்சு. அதனால பாத்தீங்கன்னா பத்த வெச்சது நான் இல்லை. என்ற மேல தப்பில்லீங்க.

வெளிச்சம்னா வெளிச்சம், அப்படியொரு வெள்ளை வெளிச்சம். வெல்டிங் அடிக்கறாப்பல. கண்ணு கூசிப் போச்சு. மொதலாளியம்மா சாமி வந்துருச்சுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் போட்டுக்கிட்டேன். முப்பத்தொரு வருசத்துல சாமி ஒருக்காக்கூட இப்படிக் காட்டுனதில்லை பாருங்க.

அப்புறம் பொசுபொசுன்னு பொகை வரவுந்தான் தீயின்னு தெரிஞ்சுது. தீயின்னா என்ன பண்ணுவீங்க? தண்ணி ஊத்துவீங்க. ஒலகமே அதைத்தான் செய்யும். பக்கத்துல தீர்த்தச் சொம்பு இருந்துச்சு, எடுத்து ஊத்துனேன். டமார்னுச்சுங்க! நெருப்புத் துண்டு நாலாபக்கமும் பறக்குது. "தண்ணி ஊத்தாதீங்க, மணலு, மணலு!"ன்னு அந்தப் புள்ள தொண்டை கிழியக் கத்துறா. ஓடி வாளியைப் பாக்கறா. வாழை நிக்குது. கன்னைப் புடுங்கிப் பாக்கறா. மணல் சொதசொதன்னு இருக்குது. அப்ப என்னை ஒரு பார்வை பாத்தா. அட கெரகமே, அந்தப் பார்வையை நான் என்னன்னு சொல்லுவேன். திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

பீரோவை ஒதைச்சுத் தொறந்தா. அந்த ஊறுகா உப்புதானுங்க. மூட்டையோட தூக்கிட்டு வந்து தீ மேல கொட்டுனா. எண்ணெய் டின்னு ஒண்ணு பக்கத்துல இருந்துச்சு, அது மேலயும் பொறி உழுந்து தகரம் காஞ்சு கெடக்குது, அதை வெறுங்கையில இழுத்து அக்கட்ட தள்ளுனா. இடது உள்ளங்கை தோலு அப்படியே வந்துருச்சு. தாவணி முந்தி பொசுங்கிப் போச்சு. தீ அடங்குச்சு. அப்பவும் "யாரும் கிளறாதீங்க, ஆறட்டும்"னு அங்கயே நின்னா. நான் என்ன பண்ணுனேன்னு கேக்கறீங்களா? நான் சாமி படத்தை எடுத்துக்கிட்டு வெளிய ஓடுனேன். அதையும் ஒருத்தர் பாக்கோணுமில்லீங்களா.

ரெண்டு கன்ராடும் தாம்பாளத்து ஓரத்துல சாத்தி இருந்ததால உருகலை. ஆனா நெறம் மாறிப் போச்சு. மயில்கழுத்து நிறம். நீலமும் பச்சையும் பொன்னுமா, பாக்க அம்புட்டு அழகு. கையில கட்டுப் போட்டுக்கிட்டு அந்தப் புள்ள வந்து பாத்தா. "இது ரெண்டும் போச்சுங்ணா"ன்னா. சூட்டுல காத்தைக் குடிச்சிருச்சாம். மேல்தோலு ஓடு மாதிரி ஆயிருக்குமாம், தேய்ச்சாலும் உள்ள எறங்குனது போகாதாம். இஞ்சினுக்குள்ள நிமிசத்துக்கு ஆறாயிரம் சுத்து சுத்தறப்ப அந்தத் தோலுல ஒரு கீறல் உழுந்தாப் போதும், பட்டுனு ஒடிஞ்சு இஞ்சினையே பொத்துக்கிட்டு வெளிய வருமாம். வண்டி நூத்தி இருவதுல போயிட்டிருந்தா உள்ள இருக்கறவன் கதி என்னங்ணான்னா.

மொதலாளி கூப்புட்டாரு. கம்பெனிக்கு ஒரு படிவம் அனுப்போணும். செய்யறப்ப தீ, சூடு, எந்த விபத்தும் நடக்கலைன்னு பொறுப்பாளர் கையெழுத்துப் போடோணும். பொறுப்பாளர் அவதான். "போட மாட்டேனுங்க சார். ஆறு நல்லது இருக்குது, உள்ளதைச் சொல்லி ஒரு மாசம் கேப்போம்"னா. மொதலாளி, "ஒரு மாசம் கேட்டா புனாக்காரன் தூக்கிட்டுப் போயிருவான். போடறியா இல்லையா?"ன்னாரு. இல்லைன்னா. "அப்ப நாளையிலருந்து வர வேண்டாம்"னாரு. டிபன் பாக்ஸை ஒத்தக் கையில எடுத்துக்கிட்டுப் போனா. நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். அந்த நேரம் பாத்து எனக்கு மெஷின் கைப்புடியில ஒரு நட்டு லூசா இருக்கறாப்பல தோணுச்சு. அதை முறுக்கிக்கிட்டிருந்தேன்.

பொறவு மொதலாளி படிவத்தை எங்கிட்ட நீட்டுனாரு. "வெள்ளிங்கிரி, இனி நீதான் பொறுப்பு"ன்னாரு. நான் கேக்கவே இல்லீங்க, அவரா குடுத்தாரு. போட்டேன். இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. கையெழுத்துப் போடற எடம் மட்டும் தெரிஞ்சுது.

இப்ப ரெண்டையும் என்ன பண்றது? அங்கதானுங்க நீங்க என்ற கையைப் பாக்கோணும். அந்த நெறத்தை எமரித்தாள் வெச்சு மெல்ல மெல்ல எடுத்தேன். மூணு நாளு. கடைசியில பாதரசங் கணக்கா வந்துருச்சு. ஆனா பக்கத்துல பொறிச்ச நம்பரும் அதோட போயிருச்சு. ஆறுல நம்பரு இருந்து ரெண்டுல இல்லீன்னா கேப்பாங்களே? எட்டையும் பாலீஷ் போட்டேன். தேய்ச்சதுல எடை கொஞ்சம் முன்ன பின்ன ஆச்சு. எட்டையும் ஒரே எடைக்குக் கொண்டு வந்தேன், அரைக் கிராம் வித்தியாசம் கெடையாது. அப்புறம் எட்டையும் ஒரே துணியில கொட்டித் தொடைச்சு, புதுசா ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் நம்பரு பொறிச்சேன். நான் சும்மா சொல்லக்கூடாது, இந்த மாதிரி வேலை கோயமுத்தூருலயே ஒருத்தன் செய்ய முடியாது.

அங்க எட்டுல ஒண்ணை எடுத்து அறுத்துப் பாப்பாங்களாம். மிச்சம் ஏழு. அறுத்தது நல்லதா இருந்தா ஆர்டர் நமக்கு. ஏழோட இரும்புல ஒண்ணைச் சேத்தா எடை ஒத்து வராதில்லீங்களா, அதனால நாலை மட்டும் எடுத்து மொதல் வண்டியில போட்டு ஓட்டுவாங்களாம். ஓட்டறதுக்குன்னு ஒரு தம்பி இருக்குது, அற்புதராஜுன்னு. நேத்து அதுதான் போன்ல கூப்புட்டு வழி சொல்லுச்சு. "கேட்டுல வந்து என் பேரைச் சொல்லுங்கண்ணே, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். எப்ப வரும் எப்ப வரும்னு ஒரு மாசமாக் காத்திருக்கேன், மொத ஆளா நான்தான் ஓட்டப் போறேன்"னுச்சு. சந்தோசமாச் சொல்லுச்சுங்க. கொரலைக் கேட்டா சின்ன வயசுதான். பின்னால ஒரு கொழந்தை அழுகற சத்தம் கேட்டுச்சு.

மறுபடியும் அடிக்குது பாருங்க. எடுக்கச் சொல்றீங்களா? எடுத்தா என்ன கேப்பான்னு எனக்குத் தெரியுமுங்க. ஏனுங்ணா நீங்க ஒரு வார்த்தை பேசலைன்னு கேப்பா. வேலை போச்சுன்னு அழுவா. நான் என்ன சொல்றது? செரி, எடுக்கறேன். நீங்க சொல்றதுக்காக எடுக்கறேன்.

சொல்லு அம்முணி. ஆமா, பஸ்ஸுலதான். தர்மபுரி தாண்டியாச்சு. கை எப்படி இருக்குது? அப்படியா. ஆமா, எட்டும் பையிலதான். என்னது? எந்த ரெண்டா? … அது வந்து… கேக்குதா? கேக்குது, கேக்குது. நம்பரு… நம்பரு புதுசு அம்முணி. எல்லாமே புதுசு. இல்லை, ஒரு அடையாளமும் வெக்கலை. எடையும் ஒண்ணுதான். நெசமாத்தான் சொல்றேன், எனக்கே தெரியாது.

வெச்சுட்டா.

வேலையைப் பத்திக் கேக்கவே இல்லீங்க. என்னைப் பத்தியும் ஒரு வார்த்தை கேக்கலை. "எந்த ரெண்டுன்னு மட்டும் சொல்லுங்ணா. அதை எடுத்து வெச்சுப்போட்டு ஆறைக் குடுத்துருங்க, போதும்"னா. தெரியலைன்னேன். அப்புறம், "அப்ப எட்டுமே ஆகாதுங்ணா"ன்னா. கோவமாச் சொல்லலை. சாதாரணமாச் சொன்னா.

கொஞ்சம் காலை நகத்துங்க. துண்டை விரிக்கறேன். எட்டையும் எடுத்து வெக்கறேன், நீங்களே பாருங்க. மூணு நாளு கையில வெச்சுத் தேய்ச்சவன் நான். தொட்டாத் தெரியாம போயிருமா? இது… இல்லை, இது நல்லது. இதுவா இருக்கும். இல்லீங்களே. நீங்க பாருங்க. சும்மா ரெண்டை எடுங்க, உங்க கை எதும்மேல போகுதுன்னு பாக்கலாம். மூணும் ஏழுமா? நான் ரெண்டையும் அஞ்சையும் நெனச்சேன். இப்ப நீங்க சொன்னப்பறம் மூணும் சந்தேகமா இருக்குது. ஏழும். ஒண்ணைப் பாருங்க, இதும்மேலதான் என்ன நம்பிக்கை? கண்ணை மூடிக்கிட்டுத் தடவறேன். ம்ஹூம். எட்டும் ஒரே வழவழப்பு.

தப்பு என்றதுதானுங்க. சுருளைக் காய வெச்சவன் நான், மணல்ல தண்ணி ஊத்துனவன் நான், அந்தப் புள்ளையைப் போகச் சொன்னப்ப நட்டு முறுக்கிக்கிட்டு நின்னவனும் நான்தான். வெக்கமா இருக்குதுங்க. இத்தனையும் மன்னிச்சாலும் மன்னிக்கலாம். இந்தப் பாலீஷு போட்டேனே, அதை என்னங்க பண்றது? அந்தத் தம்பி கேட்டுக்கே வந்து நிக்கும். வாங்கண்ணேன்னு பையை வாங்கும்.

சூளகிரி வந்துருச்சா? ஓசூருக்கு இன்னும் அரை மணி நேரந்தான். கம்பெனியில உள்ளதைச் சொல்லப் போறேன்னு மொதலாளிக்குச் சொன்னா எறங்கித் திரும்பி வாடான்னுவாரு. சொல்லலை. ஆர்டர் போகும். ஃபோர்மேன் வேலையும் போகும், அது தெரிஞ்சதுதான்.

உங்ககிட்ட பேனா இருக்குதுங்களா? இங்கிலீசு எழுதுவீங்களா? இதுதான் அந்தப் படிவம். மேல இருக்கறதை அப்படியே ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. நல்லா அழுத்தி அடிங்க. கீழ எழுதுங்க. ஆயுத பூஜையன்னைக்குத் தீப்புடிச்சுது, ரெண்டு கன்ராடு தீயில சிக்கிச்சு. எழுதிட்டீங்களா? எந்த ரெண்டுன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு எழுதுங்க. செஞ்சவனுக்கே தெரியாதுன்னு எழுதுங்க. வண்டியில எதையும் போட வேண்டாம், எட்டையும் அறுத்துருங்கன்னு எழுதுங்க.

பேரு நீங்க எழுத வேண்டாங்க. எடம் மட்டும் உடுங்க, பஸ்ஸு நிக்கட்டும், கை ஆடாம நானே போட்டுக்கறேன்.